வியாழனுக்கு எத்தனை தூரம்?

சூரியனிலிருந்து வியாழன் சராசரியாக 77.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் யார் போய், எந்தச் சங்கிலியைப் பிடித்து இதை அளந்தார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். இந்த வேலையில் பெரும்பகுதியை ஒரு நாள்காட்டியை வைத்துக்கொண்டு நீங்களே செய்துவிடலாம்!

சூரியன் மேற்கே மறையும் வேளையில் வியாழன் கிழக்கே உதிக்கும் நாள் ஒன்று உண்டு. அன்று சூரியன், பூமி, வியாழன் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில், பூமி நடுவில் இருக்க, அமைந்திருக்கும். இதை எதிர்நிலை என்பார்கள். ஓர் எதிர்நிலையிலிருந்து அடுத்த எதிர்நிலை வரை சராசரியாக 398.9 நாட்கள் ஆகின்றன.

இந்தக் காலத்தில் பூமி 365.25 நாட்களில் ஒரு முழுச் சுற்றை முடித்து, மேலும் 33.65 நாட்கள் ஓடுகிறது. அந்தக் கூடுதல் ஓட்டம் ஏறத்தாழ 33.2 பாகை. அவ்வளவு ஓடிய பிறகுதான் பூமி வியாழனை எட்டிப் பிடிக்கிறது. ஆகவே 398.9 நாட்களில் வியாழன் நகர்ந்ததும் அதே 33.2 பாகைதான். அப்படியானால் 360 பாகை சுற்ற எத்தனை நாள்? நேர்விகிதக் கணக்குப் போடுங்கள். சுமார் 4,325 நாட்கள் என்று வரும். நாம் தசமங்களைச் சுருக்கியதால் சற்றே குறைகிறது. துல்லிய மதிப்பு 4,333 நாட்கள், அதாவது 11.86 ஆண்டுகள். வியாழன் ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு ஆவதும், கும்பகோணத்தில் மகாமகம் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதும் இதனால்தான்.

காலம் தெரிந்துவிட்டது. தூரம்? இங்கே கெப்ளர் கைகொடுக்கிறார். 1619-இல் அவர் வெளியிட்ட விதியின்படி, ஒரு கோளின் சுற்றுக்காலத்தின் இருமடி, சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பூமியின் சுற்றுக்காலம் 1 ஆண்டு, தூரம் 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். 11.86-இன் இருமடி 140.7. எந்த எண்ணின் மும்மடி 140.7-க்கு அருகில் வரும்? 5.2-ஐப் பெருக்கிப் பாருங்கள், 140.6 வருகிறது. ஆகவே பூமியைப்போல் 5.2 மடங்கு தொலைவில் வியாழன் உள்ளது.

ஆனால் இது விகிதம் மட்டுமே. இதில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை! அதற்குப் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிய வேண்டும். சூரிய வட்டத்தின் குறுக்கே வெள்ளி ஒரு கரும்புள்ளியாகக் கடப்பதை உலகின் பல இடங்களிலிருந்து பார்த்தால் அதைக் கணக்கிடலாம். இதற்காகவே பிரான்சிலிருந்து 1760-இல் கப்பலேறினார் லெ ஜாந்தீல் என்ற வானியலார். அவர் புதுச்சேரியை நெருங்குமுன் அது ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. 1761-இல் நிகழ்ந்த கடப்பை ஆடும் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது. அந்த அளவீடு பயன்படவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் கருவிகளோடு ஆயத்தமாக நின்றார். மேகம் சூரியனை மூடிக்கொண்டது! கடப்பு முடிந்த பிறகே வானம் தெளிந்தது.

எனினும் பிற இடங்களில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 1771-இல் லலாந்து என்பவர் சூரியனின் தூரத்தை 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணித்தார். 1961-இல் வெள்ளிக்கோளை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளந்தார்கள். அதன் பிறகு 14.96 கோடி கிலோமீட்டர் என்பது உறுதியாயிற்று. இதை 5.2-ஆல் பெருக்குங்கள். 77.8 கோடி கிலோமீட்டர்! வியாழனின் பாதை நீள்வட்டம் என்பதால் இந்தத் தூரம் 74 கோடிக்கும் 81.6 கோடிக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும்.

இந்த 5.2 வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருப்பீர்கள். 5.2-இன் இருமடி 27. எனவே பூமியில் கிடைக்கும் வெயிலில் 27-இல் ஒரு பங்கே வியாழனில் கிடைக்கும். இதனால்தான் பயனியர் 10, வாயேஜர், கலிலியோ முதலிய விண்கலங்கள் புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தன. 2011-இல் புறப்பட்டு 2016-இல் வியாழனை அடைந்த ஜூனோவோ, சூரிய ஒளியையே நம்பிச் சென்றது. பூமியின் அருகே 14,000 வாட் தரக்கூடிய அதன் பெரிய சூரியப் பலகைகள், வியாழனில் தந்தவை சுமார் 500 வாட்தான். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கே அது போதாது. அந்தச் சிறு மின்சாரத்தில் வேலை முடியும்படி கருவிகளை முன்கூட்டியே வடிவமைத்திருந்தார்கள். விகிதத்தில் பிழை இருந்திருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

சூரிய ஒளி பூமிக்கு வர எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. வியாழனை அடைய 43 நிமிடங்கள். அதற்குள் நீங்கள் ஒரு கணக்கை முடித்துவிடலாம். சனியின் சுற்றுக்காலம் 29.46 ஆண்டுகள். அதன் தூரம் எத்தனை அலகு? தாளும் பென்சிலும் எடுங்கள். விடை 9.5-ஐ ஒட்டி வந்தால், உங்கள் கணக்கு சரி!