கேபிளில் ஏன் அந்தக் குண்டு?

லேப்டாப் அடாப்டர் வயரையோ மானிட்டர் கேபிளையோ பாருங்கள். பலவற்றில், முனைக்கு அருகே உருளை வடிவில் ஒரு குண்டு இருக்கும். இதை ஃபியூஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் உள்ளே இருப்பது ஃபெரைட் வளையம். அதாவது இரும்பு ஆக்ஸைடு கலந்த, பீங்கான் போன்ற காந்தப் பொருள். கேபிள் ஆன்டெனாவாக மாறிவிடாமல் தடுப்பதே இதன் வேலை.

கம்ப்யூட்டரும் ஒரு வானொலி நிலையம்

கம்ப்யூட்டருக்குள் சிக்னல்கள் விநாடிக்குப் பல கோடி முறை மாறுகின்றன. இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம் ரேடியோ அலைகளை வெளிவிடும். 1970-களின் இறுதியில் வீடுகளுக்குள் வந்த கம்ப்யூட்டர்கள் டிவி படத்தைக் கெடுத்தன. எனவே அமெரிக்காவின் எஃப்.சி.சி. ஆணையம் 1979-ல் இதற்கு வரம்பு விதித்தது. ஒரு சாதனம் மற்றவற்றைக் கெடுக்காமலும், மற்றவற்றால் கெடாமலும் இயங்குவதை எலெக்ட்ரோமேக்னடிக் கம்பாட்டிபிலிட்டி, சுருக்கமாக இ.எம்.சி., என்கிறார்கள்.

பேராசிரியரின் கணக்கு

இந்தத் துறையைக் கல்லூரிப் பாடமாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் கிளேட்டன் பால். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்திலும், பின்னர் மெர்சர் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார். 2012-ல் காலமானார். 1992-ல் வெளியான அவரது இ.எம்.சி. பாடநூலில் ஒரு கணக்கு வருகிறது.

1 மீட்டர் நீளமுள்ள இரட்டைக் கம்பி கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் ஒரு கம்பியில் போய் மற்றதில் திரும்புகிறது. எதிரெதிர் திசை என்பதால் இரண்டின் அலைகளும் பெருமளவு ஒன்றையொன்று அழித்துவிடும். 30 மெகாஹெர்ட்ஸில் எஃப்.சி.சி. வரம்பைத் தொட சுமார் 20 மில்லி ஆம்பியர் தேவை.

ஆனால் இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் வேண்டாத மின்னோட்டமும் உண்டு. இதற்குக் காமன் மோடு என்று பெயர். இது வெறும் 8 மைக்ரோ ஆம்பியர் இருந்தாலே அதே வரம்பைத் தொட்டுவிடும். அதாவது 2,500-ல் ஒரு பங்கு! சர்க்யூட் படத்தில் இந்த மின்னோட்டத்தைக் காண முடியாது. அதனால்தான் சரியாக வேலை செய்யும் சாதனமும் இ.எம்.சி. சோதனையில் தோற்றுவிடுகிறது.

இங்கேதான் குண்டு உதவுகிறது. எதிரெதிராக ஓடும் சிக்னலின் காந்த விளைவு வளையத்துக்குள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் சிக்னல் தடையின்றிப் போகும். ஒரே திசையில் ஓடுவது மட்டும் தடுக்கப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* குண்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்டி எடுக்காதீர்கள்.
* கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தபடி இயக்காதீர்கள். உலோகக் கேபினட் அலைகளையும் தடுக்கிறது. காலி ஸ்லாட்டுகளின் மூடிகளும் இருக்கட்டும்.
* வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா? யு.எஸ்.பி. 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பக்கூடும். மவுஸ் ரிசீவரை யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளிச் செருகிப் பாருங்கள். புது மவுஸ் வாங்கும் செலவு மிச்சமாகலாம்.