தானாக எழும்பும் பெலன்



“அப்பாவுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை, இனி உடற்பயிற்சி எதற்கு?” என்று முதியோர் இல்லங்களில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பயிற்சியினால் போன ஞாபகம் திரும்பாது. மறதி நோயுள்ள 494 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாதப் பயிற்சி உடல் திறனைக் கூட்டியது. மறதியின் வேகத்தைக் குறைக்கவில்லை.

கால்களின் காரியம் வேறு. 1990-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில், 90 வயதை ஒட்டிய இல்லவாசிகள் எட்டு வாரம் தொடைக்குப் பயிற்சி செய்தார்கள். கால் பெலன் சராசரியாக 174 சதவீதம் கூடியது! பிரான்சில் மறதி நோயுள்ள 134 இல்லவாசிகளிடம் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. வாரம் இருமுறை, ஓராண்டு பயிற்சி செய்தவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற காரியங்களில் தளர்ச்சி மெதுவாகவே வந்தது.

இது சின்ன விஷயமல்ல. தொடை தளர்ந்தால் கழிவறைக்குப் போக இரண்டு பேர் தூக்கவேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் படுக்கையிலேயே எல்லாம். பிறகு படுக்கைப்புண்.

பயிற்சி எப்படி நடக்கும்? எட்டுப் பத்துப் பேர் அரைவட்டமாக உட்காருவார்கள். நடத்துகிறவர் எதிரே உட்கார்ந்து தானே செய்து காட்டுவார். வாயால் சொன்னால் பாதியில் மறந்துவிடும். கண் பார்த்தால் கை தொடரும், பக்கத்திலிருப்பவர் செய்வதும் இழுக்கும். பாதத்தைத் தூக்குதல், காலை நீட்டுதல், நாற்காலியைப் பிடித்து எழும்பி உட்காருதல்.

பழகிய அசைவுகள் கடைசியில்தான் மறக்கும். எங்கள் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராயிருந்த ஜோசப் கலெட் பெயரால் உண்டான நெசவாளர் ஊர். தறி மிதித்த கால்களும், காசிமேட்டில் வலை இழுத்த கைகளும் ‘பயிற்சி’ என்றால் விழிக்கும். ‘தறி மிதியுங்க தாத்தா’, ‘வலையை இழுங்க’ என்றால் புரிந்துகொள்ளும். பாமாலையோ எம்.ஜி.ஆர். பாட்டோ போட்டால் இன்னும் நல்லது. (எம்.ஜி.ஆருக்குத்தான் கால் வேகமாக அசையும்!)

வெயில் ஏறுமுன் நடத்தவேண்டும். தலைசுற்றல், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். எழும்பும்போது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தொளதொள செருப்பு ஆகாது.

இயந்திரம் வாங்கித் தரட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டியது கைப்பிடியுள்ள ஆடாத நாற்காலிகளும், வாரம் இரண்டு நாள் தவறாமல் வரும் ஒரு பணியாளரும்தான். சில வாரம் நின்றுபோனால் சேர்ந்த பெலன் கரைய ஆரம்பிக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருந்தால், கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். நாற்காலியின் முன்விளிம்புக்கு வரச்செய்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, முன்னால் சாயச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் பொறுத்திருங்கள்.