நிலம் குத்தகைக்கு; நீரும் கல்லும் எசமானுக்கு

அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு நடத்திய குடியேற்றத்தை ஆராய்வோர், யாரிடமிருந்து எத்தனை ஏக்கர் பறிமுதலாகி யாருக்குப் போனது என்ற கணக்கிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அந்தக் கணக்கு தேவையானதுதான் என்றாலும், இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்திறங்கிய உழவரையும், விரட்டப்படாமல் அதே மண்ணில் தங்கிவிட்ட ஐரிஷ் உழவரையும் ஆண்டு முழுவதும் கட்டி ஆண்டது, நிலக்கிழாரின் எழுத்தர் எழுதிய குத்தகைப் பத்திரமே ஆகும். அந்தப் பத்திரத்திலும், வாடகைத் தொகையையும் கால அளவையும்விட உழவரின் அடுப்புவரை எட்டியது, விளைந்த தானியத்தை எசமானின் ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்ற நிபந்தனையாகும். வரலாற்று நூல்கள் அந்த நிபந்தனையைப் போகிற போக்கில் குறிப்பிட்டுக் கடந்துவிடுகின்றன.

விதியில் இருந்தது, கையில் இல்லாதது

அர்மா, கேவன், கோல்ரெய்ன், டோனகல், ஃபெர்மானா, டிரோன் ஆகிய ஆறு மாவட்டங்களின் பறிமுதல் நிலம் 1,000, 1,500, 2,000 ஏக்கர் கொண்ட பங்குகளாகப் பிரிக்கப்பட்டபோது, அரசுடன் நிபந்தனைகளுக்கு உடன்பட்டு நிலம் பெற்ற பிரிட்டிஷ் கிழார்கள் 1,000 ஏக்கருக்கு 24 ஆடவர் என்ற கணக்கில் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தவும், மதில் சூழ்ந்த முற்றமும் வீடும் கட்டவும் பணிக்கப்பட்டனர். 1,000 ஏக்கருக்கு அவர்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய ஆண்டு வாடகை 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். அதே அளவு நிலத்தைப் பெற்ற ஐரிஷ்காரர் செலுத்த வேண்டியது 10 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது சரியாக இரு மடங்கு. ஏக்கர் என்பதும் தாளில் மட்டுமே ஏக்கராக இருந்தது. பழைய ஐரிஷ் (கேலிக்) ஆட்சிக் காலத்து நிலக்கூறான 'பாலிபோ'வை ஏறத்தாழ 60 ஏக்கர் எனக் கொண்டு கணக்கிட்டதாலும், சதுப்பும் காடும் கணக்கில் சேராததாலும், 1,000 ஏக்கர் என்று பட்டயம் பெற்றவர் உண்மையில் அதைப் போலப் பல மடங்கு பரப்பை ஆண்டார்.

குடிகளைப் பொறுத்தவரை விதிகள் தெளிவாகவே இருந்தன. கிழார் நினைத்தபோது வெளியேற்றக்கூடிய, காலவரையற்ற குடியிருப்பாக எந்த நிலமும் விடப்படக் கூடாது. குறித்த ஆண்டுகளுக்கோ, ஆயுட்காலத்துக்கோ, பரம்பரையாகவோ உரிமை எழுதித் தரப்பட வேண்டும். நாட்டு வழக்கம் என்ற பெயரில் கூடுதலாகக் கறக்காமல், வாடகை இன்னதென்று பத்திரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று அவை கூறின. ஆயினும் 1618-19-இல் நிக்கோலஸ் பின்னார் என்ற ஆய்வாளர் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சென்று பதிவு செய்தபோது, நிலத்தில் குடிகள் இருந்தும் அவர்களில் பலரிடம் காட்டுவதற்குப் பத்திரம் இல்லை என்பதும், எழுதித் தருவதாகச் சொன்ன வாய்வார்த்தையை நம்பியே அவர்கள் வீடு கட்டி உழுதுவந்தனர் என்பதும் தெரியவந்தன.

இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நாட்டில் மக்கள் பெருகப் பெருக நிலத்தின் விலை ஏறும் என்று எதிர்பார்த்த கிழார், இன்றைய வாடகையை 21 ஆண்டுக்கோ 3 ஆயுளுக்கோ எழுதிக் கொடுத்துத் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள விரும்பவில்லை. எழுத்துப் பாதுகாப்பு எதையும் கேட்க முடியாத ஐரிஷ் குடிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் வாடகை தர இசைந்ததால், பிரிட்டிஷ் கிழார்களின் நிலத்தில் ஐரிஷ் குடிகள் இருக்கவே கூடாது என்ற விதியும் ஏட்டளவிலேயே நின்றது. 1628-இல் அரசே இறங்கிவந்து, தனக்குச் சேர வேண்டிய வாடகையை இரட்டித்துக்கொண்டு, நிலத்தின் நான்கில் ஒரு பகுதியில் ஐரிஷ் குடிகளை வைத்துக்கொள்ள அனுமதித்தது. லண்டன் வணிகக் குழுமங்களுக்குக் கிடைத்த லண்டன்டெரி (முன்னைய கோல்ரெய்ன்) நிலங்களிலோ, குழுமத்திடமிருந்து மொத்தமாகக் குத்தகை எடுத்து அதைத் துண்டு துண்டாக உள்குத்தகைக்கு விடும் இடைக்குத்தகைதாரரும் சேர்ந்துகொள்ள, உழவருக்கும் உரிமையாளருக்கும் நடுவே இன்னொரு கை நீண்டது.

ஒரே தோலில் இரண்டு படிகள்

பத்திரம் கிடைத்தவர்களின் நிலையையும் அருகில் சென்று பார்க்க வேண்டும். ஆட்டுத்தோலைப் பதப்படுத்திய ஒரே தாளில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதி, நடுவே அலை அலையாக வெட்டி, ஒரு படியைக் கிழாரும் மற்றதைக் குடியும் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பின்னொரு நாளில் வழக்கு எழுந்தால் இரண்டு ஓரங்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்தே பத்திரம் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கலாம். எழுதத் தெரியாத குடி தன் பெயருக்கு எதிரே ஒரு குறியிட்டார். எசமானின் படி எஸ்டேட் பெட்டகத்தில் பத்திரமாகத் தங்கியது. குடியின் படி கூரை ஒழுகும் வீட்டில் புகையிலும் ஈரத்திலும் கிடந்தது. இன்று ஆவணக் காப்பகங்களில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் எசமானரின் படிகளே என்பதில் வியப்பில்லை.

3 ஆயுள் குத்தகை என்பது, பத்திரத்தில் பெயர் குறிக்கப்பட்ட மூவரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கும்வரை நீடிக்கும் குத்தகையாகும். குடியானவர் வழக்கமாகத் தம் பெயரையும் மனைவியின் பெயரையும் ஒரு மகனின் பெயரையும் எழுதச் செய்தார்; எனவே ஓர் அம்மைக் காய்ச்சலோ ஒரு பஞ்ச ஆண்டோ குடும்பத்தின் உயிரோடு சேர்த்து அதன் நில உரிமையையும் கொண்டுபோகக் கூடும். வாடகை மே மாதத்திலும், அனைத்துப் புனிதர் திருநாளான நவம்பர் முதல் நாளிலும் இரு தவணையாகக் கட்டப்பட்டது. பணத்தோடு கோழிகளும் சில நாள் இலவச உழைப்பும் தர வேண்டியிருந்தன. குடியானவர் இறந்தால் அவருடைய மாடுகளிலோ குதிரைகளிலோ சிறந்த ஒன்று எசமானுக்குப் போனது. வரப்பில் பள்ளம் வெட்டி முள்வேலி நடுவதும், ஓக், ஆஷ், ஆப்பிள் மரக்கன்றுகள் வைப்பதும் குடியின் கடமைகளாக எழுதப்பட்டன. இவற்றையெல்லாம் பட்டியலிட்ட பிறகு, மரம், கனிமம், வேட்டை, ஓடும் நீர், ஆலை கட்டத் தகுந்த இடம் ஆகியவை எசமானுக்கே உரியவை என்று ஒதுக்கிவைக்கும் வரியும், குறிப்பிட்ட ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்ற வரியும் இடம்பெற்றன.

வாய்க்கால் கடந்த நிலமும் ஆலையில் முறை நாளும்

ஆலை குடியேறியவர்கள் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவது தவறாகும். டவுன் மாவட்டத்தில் ஸ்டிராங்ஃபோர்டு கடற்கழியின் மேற்குப் பக்கமாக உள்ள நெண்ட்ரம் மடாலயத்தில், கடல் ஏற்றவற்றத்தால் இயங்கிய ஆலை ஒன்றின் மரங்கள், ஆண்டு வளையங்களைக் கொண்டு கி.பி. 619-ஐச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. படுக்கைவாட்டில் கிடக்கும் சிறு துடுப்புச் சக்கரத்தின் அச்சே நேராக மேலேறி அரைக்கும் கல்லைச் சுழற்றும் ஆலை ஐரிஷ் நாட்டுப்புறத்தில் பரவலாக இருந்தது. பல்சக்கரங்கள் வேண்டாத, சிறு ஓடையின் நீரே போதுமான அந்த ஆலையைச் சில குடும்பங்கள் கூடியே கட்டிவிட முடிந்தது. ஆலைக்குரிய வாய்க்கால் பிறர் நிலத்தின் வழியே சென்றால் அந்த நிலத்தாருக்கு ஈடு உண்டு என்றும், ஆலையைப் பயன்படுத்தும் நாட்களில் அவர்களுக்கும் முறை உண்டு என்றும் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய ஐரிஷ் சட்ட நூல் ஒன்று விதித்தது. ஆயிரம் ஆண்டுகளாக அந்த முறை அப்படியே நீடித்தது என்று கொள்ள இயலாது; கேலிக் பிரபுக்களும் வாரம் வாங்கித் தின்றவர்களே. ஆயினும் நீருக்கு வழிவிட்டவருக்கு ஆலையில் பங்கு என்ற கருத்துக்கும், நீர் எவர் நிலத்தில் ஓடினாலும் அது எசமானுக்கே என்ற குத்தகை வரிக்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது.

அந்த ஆறு மாவட்டங்களுக்கு வெளியே உள்ள அதே கடற்கழியின் சுற்றுப்புறத்தில்தான் 1606 முதல் ஸ்காட்லாந்துக் குடிகள் பெருமளவில் வந்து அமர்ந்தனர். நியூடவுனார்ட்ஸ், கிரேஅபி பகுதிகளை ஆண்ட ஹியூ மான்ட்கோமரியின் மனைவி எலிசபெத் ஷா, ஸ்காட்லாந்திலிருந்து மாவு வரவழைக்க வேண்டிய நிலையையும், ஐரிஷ்காரர் போலத் திருகையில் அரைக்க வேண்டிய நிலையையும் தவிர்க்கும்பொருட்டு, ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் நீராலை கட்டச் செய்தார் என்று அக்குடும்பத்தின் வரலாற்றை எழுதிய பேரர் பெருமையுடன் பதிவு செய்துள்ளார். அந்தப் பதிவில் ஐரிஷ்காரரின் 'கிராடன்' என்ற முறையும் சுட்டப்படுகிறது. ஓட்ஸ் கதிர்களைத் தாளோடு ஒரு பிடி எடுத்து நெருப்பில் காட்டி, உமி கருகியதும் தானியம் தீயாமல் தட்டி உதிர்த்து, புடைத்து, கைத்திருகையில் அரைப்பது அம்முறை. கதிராக இருந்தது சில மணி நேரத்தில் ரொட்டியாகிவிடும். உலர்த்தும் சூளையும் ஆலைக்காரரும் அரவைக் கூலியும் அதற்குத் தேவையில்லை.

1634-35-ஆம் ஆண்டு டப்ளின் நாடாளுமன்றம் தானியத்தைத் தாளோடு எரிக்கும் வழக்கத்தைத் தடை செய்து தனிச் சட்டமே இயற்றியது. மாட்டுத் தீவனமாக வேண்டிய வைக்கோல் வீணாகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அது பொய்யும் அன்று. ஆனால் வீட்டுக்குள்ளேயே அரைத்துக்கொள்ளும் வழியை அடைக்கும் ஒவ்வொரு விதியும், எவர் நோக்கம் எதுவாயினும், ஆலைக்குத் தானியம் கொண்டுவருவோரின் வரிசையை நீளமாக்கியது என்பதை மறுக்க முடியாது.

பதினாறில் ஒரு பங்கு

ஸ்காட்லாந்துக் குடிகள் தங்கள் ஊரில் பழகிய ஆலைக்கட்டு முறையைத் தங்களோடு கொண்டுவந்தனர். ஆலைக்கட்டு என்பது, இன்னின்ன ஊர்க்கூறுகளின் தானியம் இன்ன ஆலைக்கே வர வேண்டும் என்ற கட்டாயமாகும். அரைத்ததற்குக் கூலி தானியமாகவே எடுக்கப்பட்டது. இடத்துக்கு இடம் அது மாறினாலும் பதினாறில் ஒரு பங்கு என்ற விகிதம் அடிக்கடி காணப்படுகிறது. 16 மூட்டை கொண்டுபோனவர் 15 மூட்டைக்கான மாவோடு திரும்புவார். ஆலைக்காரரின் ஏவலாளுக்கு ஒரு கை அள்ளு தனி. வாய்க்காலைத் தூர்வாரவும், புதிய அரவைக்கல் வரும்போது இழுத்துவரவும் குடிகளே கூப்பிடப்பட்டனர். வேறு ஆலைக்குச் சென்று அரைத்தவரிடம் தண்டம் வாங்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் உள்பொறி ஆலைக்குத்தகையில்தான் விளங்குகிறது. கிழார் ஆலையைத் தாமே நடத்துவது அரிது. அதை ஆலைக்காரருக்குத் தனிப் பத்திரத்தில் குத்தகைக்கு விட்டார். அந்தப் பத்திரம் கட்டடம், சக்கரம், கற்கள், வாய்க்கால் ஆகியவற்றோடு, ஆலைக்குக் கட்டுப்பட்ட ஊர்க்கூறுகளையும் சேர்த்தே கைமாற்றியது. ஆகவே ஆலைக்காரர் கொடுத்த வாடகையில் கல்லுக்கும் மரத்துக்கும் உரிய விலை குறைவு. வேறு போக்கிடம் இல்லாத குடிகளுக்கு உரிய விலையே மிகுதி. அந்த வாடகையை ஈட்ட வேண்டிய ஆலைக்காரர் அளவுமரக்காலைக் குவித்து அளந்தாலும், மழைக்காலத்தில் காக்கவைத்தாலும், குடி வேறு கதவைத் தட்ட முடியாது. நெய்த கம்பளியை நனைத்து இடித்து இறுக்கும் ஆலைகளிலும் இதே நாட்டம் தலைகாட்டியது.

கிழாரின் முதலீடு இல்லாவிடில் பெரிய ஆலைகளே எழுந்திரா என்றும், போட்டி ஆலை வராது என்ற உறுதி இருந்தால்தான் எவரும் பணம் போடுவர் என்றும் வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. தொடக்கச் சில ஆண்டுகளுக்கு அது பொருந்தலாம். தலைமுறைகளாக நீண்ட கட்டாயத்துக்கு அது விடையாகாது.

1641-இல் எழுந்த ஐரிஷ் கிளர்ச்சியில் உடைமை இழந்த குடியேறிகள் அளித்த வாக்குமூலங்கள் இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ளன. மாடு, கதிர்ப்போர், பாத்திரம் ஆகியவற்றோடு, முடியாமல் எஞ்சிய குத்தகைக் காலத்துக்கும் அவர்கள் பவுண்டில் விலை போட்டனர். பத்திரம் உடையவர்க்கு அது சொத்து என்பது அதில் தெளிவாகிறது. 1704-ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் 31 ஆண்டுக்கு மேல் குத்தகை பெறுவதைத் தடுத்து, நிலத்தின் ஆண்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத வாடகையையும் விதித்ததால், அந்தச் சொத்து கத்தோலிக்கரான பெரும்பான்மையோருக்கு எட்டாக்கனியாயிற்று. 1690-களில் மலிவாக விடப்பட்ட குத்தகைகள் முடிவுற்று வாடகை ஏறியபோது, 1718-ஐ ஒட்டி அல்ஸ்டரின் பிரெஸ்பிட்டேரியன் சபைக் குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

இதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் போராட்டம் முழுவதும் நிலத்தைச் சுற்றியே நடந்தது. வெளியேறும் குடி தன் உரிமையை விற்கும் அல்ஸ்டர் வழக்கத்தை 1870-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. நியாய வாடகை, நிலைத்த குடியுரிமை, விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் நிலத்தை வாங்கிக்கொள்ளப் பெருமளவில் வழிவகுத்தது. ஆலைக்கட்டு அதற்குள் வலுவிழந்திருந்தது என்றாலும், அது எழுப்பிய கேள்வி வலுவிழக்கவில்லை. நிலப்பட்டா கையில் இருந்தும், விளைந்ததை உணவாகவோ சரக்காகவோ மாற்றும் இடம் பிறர் கையில் இருக்குமானால், அளவையும் கூலியையும் காத்திருக்கும் நாளையும் அவரே தீர்மானிப்பார். உழவர் உரிமையைப் பட்டாவோடு நிறுத்திக்கொள்ளும் எந்த நிலச்சீர்திருத்தமும் பாதிவேலையே.

ஐரிஷ் உழவர்கள் இதை உணர்வதற்கு 1903 வரை காத்திருக்கவில்லை. நிலம் இன்னும் முழுமையாகக் கைக்கு வராத 1889-லேயே லிமெரிக் மாவட்டத்தின் டிரோம்காலகர் ஊரில் கூட்டுறவு வெண்ணெய்ப் பண்ணையைத் தொடங்கி, பாலைக் கறந்தவர்களே கடையும் இயந்திரத்துக்கும் உரிமையாளர் ஆயினர். அத்தகைய கூட்டுறவுகள் அடுத்த பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவின. பழைய குத்தகைப் பத்திரங்கள் எசமானுக்கென்று ஒதுக்கிவைத்த உரிமையின் மதிப்பை அந்த உழவர்கள் சரியாகவே எடைபோட்டிருந்தனர்.