வெரசா, ஜல்தி, சாப் சாப்: அவசரச் சொற்கள் வந்த வழி

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு அறிக்கை கேட்டாங்க. "வெரசா முடிச்சுத் தாரேன்"னு சொன்னேன். பக்கத்து மேசைகளில் ஒரே சிரிப்பு. "எந்த ஊருப்பா நீ?" சாத்தான்குளம்னு சொன்னேன். அன்னைக்கிலிருந்து அலுவலகத்தில் என் வாயில் "சீக்கிரம்" மட்டும்தான்.

அதே அலுவலகத்தில் மேலாளர் "சாப் சாப்" என்று கை தட்டினால் யாரும் சிரிப்பதில்லை. அது ஏன் என்று யோசித்து, இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடியதில் கிடைத்தவை இவை.

முதலில் சாப் சாப். வெட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தென் சீனத் துறைமுகங்களில் சீனர்களும் ஆங்கிலேய வியாபாரிகளும் பேசிக்கொண்ட கலப்பு ஆங்கிலத்தில் "சாப்" என்றால் வேகம். சாப்ஸ்டிக் என்ற பெயரில் இருப்பதும் இதே "சாப்"தான் என்பார்கள்.

"ஃபுல் ஸ்டீம் அஹெட்" நீராவிக் கப்பலில் பிறந்தது. முழு நீராவியில் முன்னே போ என்று மேல்தளத்திலிருந்து எஞ்சின் அறைக்குப் போகும் உத்தரவு அது. நம்ம தூத்துக்குடிக்கு நீராவிக் கப்பல் அந்நியமில்லை. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய கப்பல் கம்பெனியின் பெயரே சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிதான்.

அப்புறம் கார் வந்தது. "ஸ்டெப் ஆன் இட்" என்றால் ஆக்சிலரேட்டரை மிதி என்று அர்த்தம். வண்டி மாறினால் அவசரத்தின் பேச்சும் மாறிவிடுகிறது.

ஜல்தி கதை இன்னும் சுவாரசியம். அது இந்துஸ்தானிச் சொல். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதை "ஜில்டி" ஆக்கித் தங்கள் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். தமிழிலும் அது "ஜல்தியா வா" என்று புகுந்துவிட்டது.

சரி, நான் மரியாதைக்காக மாற்றிக்கொண்ட "சீக்கிரம்"? அது வடமொழியிலிருந்து வந்தது. "அவசரம்" என்பதும் அப்படித்தான். வடமொழியில் அதற்குத் தருணம், வாய்ப்பு என்று பொருள். தமிழுக்கு வந்த பிறகுதான் அதற்குப் பதற்றம் பிடித்தது.

மிச்சம் இருப்பது வெரசா. இலை எலை ஆவது போல, விறகு வெறகு ஆவது போல, பேச்சில் "விரை"யின் வி வெ ஆகிவிட்டது. வேர் அதே "விரை"தான். தொல்காப்பியத்தின் உரியியல், கதழ்வு, துனைவு என்ற இரண்டு சொற்களுக்கு விரைவு என்று பொருள் சொல்கிறது. கவனிச்சீங்களா? தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லால்தானே விளக்க முடியும்? அன்றைக்கே விரைவு எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக இருந்திருக்கிறது. கதழ்வும் துனைவும் இன்று யார் பேச்சிலும் இல்லை. "விரை" மட்டும் எங்க ஊர் பஜாரில், "வெரசா குடுங்க அண்ணாச்சி, பஸ் வந்துரும்" என்ற குரலில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சிரிப்புக்குப் பயந்து நான் ஒளித்துவைத்தது இந்தச் சொல்லைத்தான்.

இப்போ அலுவலகத்தில் மறுபடியும் வெரசா என்றுதான் சொல்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தான். மெதுவாக என் மேசைக்கு வந்து கேட்டான்:

"அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கமா?"