யார் முறை? – சீட்டாட்டத்தில் ஒரு பழைய வழக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சூதாட்டத்தை ஆதரித்து எழுதப்படும் கட்டுரையன்று. நம் சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு மண்டபத்து மூலையில் ஜமக்காளம் விரித்துச் சீட்டுப் போடாத வீடு அநேகமாக இராது. ஒரு பக்கம் காய்கறி நறுக்குவார்கள், ஒரு பக்கம் பெண்கள் தாம்பூலப் பை போடுவார்கள், மூன்றாவது மூலையில் ரம்மி. அந்த மூன்றாவது மூலையில் எழும் ஒரு சண்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தன் முறை வருமுன் ஒருவர் சீட்டை எடுத்துவிட்டால், போட்டுவிட்டால், வாய்விட்டுச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்பதற்குச் சின்ன விஷயம். எங்கள் குடும்பத்தில் இதனால் இரண்டு வீட்டார் ஆறு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். திருப்பதியில் ஒரு சத்திரம். ஆறு பேர் ஆட உட்கார்ந்தார்கள், தலைக்கு ஐந்து ரூபாய். 101 பூல் ரம்மி. தெரியாத இளைஞர்களுக்காக ஒரு வரி: இதில் தோற்றவர்களுக்குத்தான் புள்ளி ஏறும், 101ஐத் தொட்டவர் வெளியே. முதல் சுற்றிலேயே சீட்டைக் கவிழ்த்து 'ஸ்கூட்' என்றால் 20 புள்ளி. ஆட ஆரம்பித்தபின் நடுவில் ஸ்கூட் சொன்னால் 40. கை சேராமல் முழுசாகத் தோற்றால் 80. எல்லோரும் ஸ்கூட் சொல்லி ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவர் ஆடாமலே ஜெயித்தவர், அவருக்குப் பூஜ்யம். நோட்டில் கணக்கு எழுதும் வேலை என்னுடையது. அப்போது எனக்குப் பதினேழு வயது.

இரண்டு பேர் வெளியேறி நால்வர் மிஞ்சினார்கள். புதிய கை போட்டாயிற்று. முதலில் சித்தப்பா, ஸ்கூட். அடுத்து வேலூர் மாமா, அவரும் ஸ்கூட். மூன்றாவதாகச் சித்தூர் பெரியப்பா. அவர் கணக்கில் ஏற்கெனவே 70 இருந்தது. ஸ்கூட் சொன்னால் 90 ஆகும். ஆடித் தோற்றால் வெளியே. கையில் ஜோக்கரும் இல்லை, வரிசையும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தார். சீட்டுகளைச் சேர்த்து அடுக்கிவிட்டார் என்று மாமா பின்னால் சத்தியம் செய்தார். அந்தச் சமயம் உள்ளேயிருந்து "பந்தி போட்டாச்சு" என்று குரல் வந்தது. நாலாவதாக உட்கார்ந்திருந்தவர் பெரியப்பாவின் பங்காளி, ரேணிகுண்டாவில் இருந்தவர். பசி. "நானும் ஸ்கூட்" என்று சீட்டை மலர்த்தி எறிந்துவிட்டு எழுந்தார்.

பெரியப்பா உடனே, "அப்படியானால் நான் ஒருத்தன்தான் பாக்கி. எனக்குப் பூஜ்யம் எழுது" என்றார். மாமா விடவில்லை. "அவர் முறை வரவில்லை, அவர் சொன்னது செல்லாது. நீங்கள் ஸ்கூட் சொல்லத்தான் இருந்தீர்கள். இருபது எழுதடா" என்றார். இரண்டு பேரும் என் பேனாவையே பார்த்தார்கள். நான் பூஜ்யம் எழுதினேன். அந்தப் பூஜ்யத்தின் பலத்தில் பெரியப்பா ஆட்டத்தையே ஜெயித்தார். மொத்தம் முப்பது ரூபாய். "பங்காளிகள் சொல்லிவைத்து ஆடுகிறார்கள்" என்று மாமா சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. மறுநாள் முகூர்த்தத்துக்கு இரு வீட்டாரும் மண்டபத்தின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சாவு வந்தது. அதற்குக்கூட ஒரு வீட்டார் வரவில்லை.

இவ்வளவுக்கும் காரணம், முறை தவறிச் சொன்ன ஒரே ஒரு சொல். அதில் அப்படி என்ன இருக்கிறது?

சீட்டாட்டத்தின் உயிர் தகவல். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அவர் எடுப்பதையும் போடுவதையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊகிக்கிறோம். வரிசைப்படி ஆடும்போது எல்லோருக்கும் அந்தத் தகவல் ஒரே ஒழுங்கில் போய்ச் சேருகிறது. ஒருவர் முந்திக்கொண்டால் அவருக்கு முன்னே ஆட வேண்டியவருக்கு, அவர் தெரிந்துகொண்டிருக்கக் கூடாத ஒன்று இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பெரியப்பாவுக்குக் கிடைத்தது அதுதான்.

நம் உச்ச நீதிமன்றமே இதைத் தொட்டுப் பேசியிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். செகந்திராபாத்தில் கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்று ஒரு மன்றம். அங்கே பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீசார் பிடித்த வழக்கு டில்லி வரை போனது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான அந்த வழக்கில் 1967 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ரம்மி மூன்று சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதன்று. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதிலும், எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்பதிலும் திறமை வேண்டியிருக்கிறது என்று நீதிபதி ஹிதாயதுல்லா எழுதினார். திறமைக்கு அவர் சொன்ன இந்த இரண்டு காரணங்களையும் கவனியுங்கள். இரண்டுமே சீட்டு ஒழுங்காக, வரிசையாக விழுந்தால்தான் நிற்கும். (அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரும் இன்றைக்குத் துணிந்துவிட வேண்டாம். 2020ல் ஆந்திர அரசு தன் சட்டத்தைத் திருத்தி, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மியைத் தடைசெய்தது. 2025ல் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது.) பந்தயப் பணத்துக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவும் முடியாது, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே ஜமக்காளத்தில் எழுந்த வழக்கு ஜமக்காளத்திலேயேதான் தீர வேண்டும்.

முறை தவறுவதற்குப் பசி மட்டும் காரணமன்று. நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்ஜ் ஆட்டம் கடிகார முள் சுற்றும் திசையில், அதாவது இடக்கைப் பக்கத்தவருக்குப் போகும். கேரளத்து நண்பர்கள் ஆடும் இருபத்தெட்டும், யாழ்ப்பாணத்தார் ஆடும் முந்நூற்று நாலும் எதிர்த்திசையில், வலக்கைப் பக்கம் போகும். ரம்மியோ வீட்டுக்கு வீடு. காட்பாடி ரயிலில் வந்து இறங்கிய உறவினர், தெலுங்கு நண்பர், திருச்சூர்க்கார சக ஊழியர் எல்லோரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் முதல் கையிலேயே இருவர் ஒன்றாகக் கட்டுக்குக் கை நீட்டுவார்கள். கட்டு பிரிக்குமுன் "எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் பாதித் தகராறு இல்லை.

இந்த விஷயத்தில் மிக நுணுக்கமாகச் சட்டம் எழுதி வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ்காரர்கள். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் சட்டப் புத்தகம் 2017ல் திருத்தப்பட்டது. அதில் முறை தவறிக் கேள்வி சொல்வதற்கும், முறை தவறிச் சீட்டு இறக்குவதற்கும் தனித்தனி விதிகள். அவற்றின் சாரம் எளிது. தவறியவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் எதிராளி ஒன்றும் சொல்லாமல் மேலே ஆடிவிட்டால், தவறு மன்னிக்கப்பட்டதாக அர்த்தம். பிறகு பழைய கதையைக் கிளப்ப முடியாது. ஏற்க விரும்பாவிட்டால் சீட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லலாம்; ஆனால் அது எல்லோரும் பார்க்க மேஜைமேல் மலர்ந்தே கிடக்கும், தண்டனைச் சீட்டாக. தேர்ந்தெடுக்கும் உரிமை எப்போதும் தவறு செய்யாதவருக்கு. முதல் சீட்டைக் கவிழ்த்து வைத்து, "கேள்வி உண்டா?" என்று கூட்டாளியைக் கேட்டபின் மலர்த்தும் வழக்கமும் இதற்காகத்தான்; தவறான ஆள் இறக்கியிருந்தால் யாருக்கும் தெரியாமல் திருப்பிக்கொள்ளலாம். சீட்டு என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் வர்தன், சிப்நாத் சர்க்கார் இருவரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது இந்த பிரிட்ஜில்தான்.

ஆனால் பிரிட்ஜ் விதியை அப்படியே ரம்மிக்குக் கொண்டுவர முடியாது. இதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. பிரிட்ஜில் இரண்டே கட்சி. ஒரு கட்சி தவறினால் லாபம் மறு கட்சிக்கு, கணக்கு தீர்ந்தது. ரம்மியில் நால்வர் ஆடினால் நாலு கட்சி. ஒருவர் தவறின் லாபத்தைப் பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொண்டால், ஒரு குற்றமும் செய்யாத மற்ற இருவர் நஷ்டப்படுகிறார்கள்.

தினமும் நடக்கும் ஓர் உதாரணம். முன்னவர் இன்னும் சீட்டுக் கழிக்கவில்லை. அவசரக்காரர் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிடுகிறார். முன்னவர் கையில் ஒரு ஆர்ட்டின் ஒன்பது இருக்கிறது. அதைப் போட்டால் அடுத்தவர் எடுத்து ரம்மி சேர்த்துவிடுவாரோ என்று பயந்து பிடித்து வைத்திருந்தார். இப்போது பயமில்லை, அவர்தான் எடுத்தாயிற்றே! சிரித்துக்கொண்டே ஒன்பதைப் போடுகிறார். அவசரக்காரர் "ஐயோ, இதுதான் வேண்டும்" என்று எடுத்த சீட்டைத் திருப்பி வைக்கப் பார்க்கிறார். விடக் கூடாது, பார்த்த சீட்டைத் திருப்பி வைத்தால் அடுத்து வரப்போவது என்ன என்று அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். ஆனால் முன்னவரின் ஆபத்தான சீட்டு சும்மா கழிந்ததே, அந்த நஷ்டம் மற்றவர்களுக்குத்தானே? அதனால்தான் எங்கள் வீட்டில், முந்தி எடுத்தவர் அந்தச் சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்படுத்தினோம். ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை, எல்லோரும் அதற்கேற்ப ஆடலாம்.

இனி என் பூஜ்யத்துக்கு வருகிறேன். பின்னாட்களில் அந்தக் கையை எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தேன். பங்காளியின் ஸ்கூட் செல்லும் என்றால் பெரியப்பாவுக்குப் பூஜ்யம். பிரிட்ஜ் வழியில், ஏற்பதும் மறுப்பதும் பெரியப்பா இஷ்டம் என்றால் அவர் ஏற்பார், மறுபடி பூஜ்யம். போக்கர் ஆடுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: முறை தவறிச் சொன்னதை நிறுத்தி வை, இடையில் உள்ளவர் தன் முறையை ஆடட்டும், நிலைமை மாறாவிட்டால் முன்னே சொன்னது கட்டும். அதன்படி பெரியப்பா ஒரு சீட்டு எடுத்து ஒன்றைக் கழித்தால் போதும், பங்காளியின் ஸ்கூட் கட்டும், அப்போதும் பூஜ்யம். மாமா கேட்ட இருபது எந்த விதியிலும் வரவில்லை. வாயால் சொல்லாத ஸ்கூட்டை, சீட்டை அடுக்கினார் என்பதற்காக ஒருவர் தலையில் கட்ட முடியாது.

ஆனால் மாமாவின் கோபம் இருபது புள்ளிக்காக இல்லை. பல பேர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு பேர் உள்ளூர ஒன்றுசேர்ந்தால், முறை தவறிய ஒரு சொல்லே சைகையாகிவிடும். முந்நூற்று நாலு போன்ற கூட்டாளி ஆட்டங்களில் ஆட்டத்தின் நடுவே பேச்சுக்கே தடை இருப்பதும் இதனால்தான். அன்று பங்காளி பசியில் சொன்னாரா, பாசத்தில் சொன்னாரா? நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்; பசிதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் விதி என்பது ஆளின் மனசைத் துருவுவதற்கு இல்லை. தவறியவருக்கு இருபதுக்குப் பதில் நாற்பது என்று அன்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், பெரியப்பாவுக்குப் பூஜ்யம் எழுதியதோடு பங்காளிக்கு நாற்பது எழுதியிருப்பேன். தவறியவருக்கு ஏறிய அந்த இருபது, சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் கொஞ்சமாவது ஈடாகியிருக்கும். சொல்லிவைத்து ஆடினார்கள் என்ற பேச்சுக்கும் இடமிருந்திருக்காது. தனக்கு நாற்பது ஏற்றிக்கொண்டு யார் உதவுவார்கள்?

இரு வீட்டாரும் பேச ஆரம்பித்தது ஒரு பேரன் காதுகுத்துக்குத் திருமலையில் கூடியபோது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாமா பெரியப்பாவிடம் பொடி டப்பியை நீட்டினார், அவ்வளவுதான்.

இப்போது சீட்டுப் போட உட்கார்கிறவர்கள் பேரப்பிள்ளைகள். செல்போனில் கற்றவர்கள். அதில் முறை வராமல் தொட்டாலும் சீட்டு அசையாது. ஆகையால் முறை தவறுதல் என்று ஒன்று உண்டென்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் நாலு கை ஒன்றாகக் கட்டின்மேல் விழுகிறது. போன பொங்கலுக்கு, கணக்கு நோட்டின் பின் அட்டையில் நாலு வரி எழுதி வைத்தேன்: சுற்றுவது இடக்கைப் பக்கம். முந்தி எடுத்தால் காட்டிவிட்டு வைத்துக்கொள். முந்தி ஸ்கூட் சொன்னால் கட்டும், நாற்பது. அடுத்தவர் ஆடிவிட்டால் பழைய வழக்கு இல்லை.

எட்டு வயதுப் பேத்தி அதைப் படித்துவிட்டு ஐந்தாவதாக ஒரு வரி தானே சேர்த்தாள்: "சாப்பிடக் கூப்பிட்டால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம்."

அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.