கம்பியில்லா அலையும் கடைசி அறையும்

எங்கள் மருதமுனையில் ஒரு வீட்டு வாசலை நெருங்கினால் முன்பெல்லாம் முதலில் செவியில் விழுவது தறியோசை. இப்பொழுதோ, வந்த விருந்தினர் கதிரையில் அமருமுன்னரே "வைபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்கிறார். இதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் முகங்களை வீட்டுக்குக் கொண்டுவருவது அந்தக் கட்புலனாகா அலைதானே? அது என் வீட்டின் கடைசி அறைவரை சென்று சேராதபோது நேர்ந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கடைசி அறை உம்மாவுடையது. எண்பத்தாறு வயது. இடுப்பெலும்பு முறிந்தபின் விறாந்தைக்கு வர இயலாமல் கட்டிலோடு இருக்கிறார். கட்டாரில் இருக்கும் என் தம்பி வெள்ளிக்கிழமைதோறும், அங்கே விடுமுறையாதலால், தவறாமல் அழைப்பான். முன் அறையில் அவன் முகம் நிலா மாதிரித் தெரியும். கைபேசியை உம்மாவிடம் கொண்டு போனால் அதே முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கும். ஒருநாள் உம்மா கேட்டார்: "ஏன் மகன், தம்பிக்குக் கோவமா? வாய் அசையுதில்லையே." எனக்குப் பதில் வரவில்லை.

கூடிய பணம் கட்டிக் கூடிய வேகம் வாங்கலாம் என்பதே என் முதல் யோசனை. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் என் மகள் தடுத்தாள். "பெட்டிக்குப் பக்கத்தில வேகம் நல்லாத்தானே இருக்கு, வாப்பா? தாங்கியில தண்ணி நிறைய இருக்கு. குழாய்தான் பிழை." அலை நம் வீட்டில் இரண்டு பயணம் செய்கிறது. தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்து பெட்டிவரை ஒன்று. பெட்டியிலிருந்து கைபேசிவரை மற்றொன்று. எது தளர்ந்தது என்றறியாமல் செலவழிப்பவர் காசை வீணாக்குகிறார்.

கைபேசியிலே அலையின் வலுவை அளக்கும் செயலி உண்டு. அது எதிர் எண்ணாகக் காட்டும். பூச்சியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். மகள் அதைக் கையில் ஏந்தி அறை அறையாக நடந்தாள். முன் அறையில் மறை 40. உம்மாவின் கட்டிலருகே மறை 81. அந்த எல்லையில் முகம் உறையாமல் வேறென்ன செய்யும்?

குற்றவாளி நான்தான். பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று பெட்டியை இரும்பு அலுமாரியின் மேல், சுவரோடு ஒட்டி, தொலைக்காட்சிக்குப் பின்னே ஒளித்து வைத்திருந்தேன். மனைவி அதன்மேல் துணியொன்றும் போர்த்தியிருந்தாள். துணியால் அலைக்குக் கேடில்லை. எங்கள் ஊர்ச் சாரத்தை எத்தனை மடிப்பு மடித்துப் போட்டாலும் அலை தடையின்றிக் கடந்துபோகும். பெட்டிதான் வெப்பத்தால் வாடும். இரும்போ அலையைத் திருப்பி அடிக்கிறது. கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமாதலால் அவ்வாறே செய்கிறது. தண்ணீர் அலையைக் குடித்துவிடும். எங்கள் வீட்டின் பின்பகுதி, 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபின், என்றேனும் மாடி எழுப்பும் எண்ணத்துடன் கட்டப்பட்டது. கொங்கிறீட் தூணும் கம்பி நிறைந்த தட்டும் அதற்குக் காவல். கடலுக்கு அஞ்சி எழுப்பிய வலிமையே உம்மாவின் அறைக்குத் திரையாயிற்று.

இதையெல்லாம் என் வாப்பா அறிந்திருந்தார் என்று நினைக்கும்போதுதான் எனக்கு வெட்கமாயிருந்தது. அவர் நெசவாளி, பௌதிகம் படித்தவரல்லர். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில், நோன்பு காலத்து வானொலி நிகழ்ச்சிக்காக இரண்டு தென்னைகளுக்கிடையே செப்புக் கம்பி கட்டி, பீங்கான் குமிழ்களால் அதை மரத்திலிருந்து விலக்கி, கொழும்பு தெளிவாகக் கேட்கும்வரை இறக்கியும் ஏற்றியும் பார்ப்பார். இந்நாட்டு ஒலிபரப்பே அப்படி ஒரு கைவினையில் பிறந்ததுதான். 1923இல் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பில் நடத்திய சோதனைக்கு, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைப் பயன்படுத்தினார் என்பர். வானொலியின் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுடையது. மதிலையும் மரத்தையும் வளைந்து தாண்டும். நமது வைபை அலை ஏறத்தாழ 12.5 சென்றிமீற்றர், ஒரு சாண்கூட இல்லை. வேகம் மிக்க ஐந்து கிகாஹேர்ட்ஸ் அலை இன்னும் குறுகியது. சுமார் ஆறு சென்றிமீற்றர். அதற்கு ஒரு சுவரே பெருமலை. இரு மடங்கு தூரம் போனால், தடையே இல்லாவிடினும், வலு நாலில் ஒன்றாகிவிடும்.

சுவர்களில் பட்டுத் தெறிக்கும் எதிரொலிகளும் ஒன்றோடொன்று மோதிச் செய்தியைக் குழப்பும். அதை அவிழ்த்தவர்களுள் அவுஸ்திரேலிய விஞ்ஞானி ஜோன் ஓ'சல்லிவனும் அவருடைய குழுவினரும் முக்கியமானவர்கள். அவர் அதற்கு முன்னர், வெடித்துச் சிதறும் கருந்துளைகளின் வானொலிச் சத்தத்தைத் தேடியவர். கருந்துளை அகப்படவில்லை. அந்தத் தேடலில் தேறிய கணிதம் வீட்டு அறைக்குள் உதவிற்று. 1996இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

எங்களுக்கு இன்னொரு தொல்லை, அயல். கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிய குடியிருப்பு எங்களுடையது. மகளின் கைபேசியில் பத்தொன்பது வீட்டுப் பெட்டிகளின் பெயர்கள் தெரிந்தன; பெரும்பாலானவை ஒரே தடத்தில் கூச்சலிட்டன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் தடங்கள் பலவெனினும், ஒன்றோடொன்று சிக்காதவையாக 1, 6, 11 ஆகிய மூன்றையே எடுத்துக்கொள்வது வழக்கம். பாவு நூல் பிணைந்தால் தறி நிற்கும் என்பதை எங்கள் ஊராருக்குச் சொல்லவும் வேண்டுமோ? ஆள் குறைந்த 11ஆம் தடத்துக்கு மாறினோம்.

பக்கத்து வீட்டு மச்சான் பெட்டிக்குப் பின்னால் அலுமினியத் தாள் வைக்கச் சொன்னார். அதில் பொய்யில்லை. ஆனால் அது அலையைப் பெருக்குவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து பறித்து மறு பக்கத்துக்குக் கொடுக்கிறது, அவ்வளவே.

பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கி, ஆளுயரத்து மரத்தட்டில், நடுக்கதவை நோக்கி வைத்தோம். மறை 81, மறை 72 ஆயிற்று. வீட்டின் நடுவே இன்னும் உள்ளே தள்ளலாமென்றால், கோபுரத்து அலையை வாங்க அதற்கு யன்னலோரம் வேண்டும். இங்கே வாங்கினால் அங்கே கொடுக்க முடியாது. அங்கே கொடுக்கப் போனால் இங்கே வாங்க முடியாது! அலையை மறுபடி வீசும் சிறு கருவியை உம்மாவின் அறையிலேயே செருகலாமென்று நான் சொன்னேன். நலிந்த அலையை வாங்கி அது நலிந்ததையே வீசும்; பாதி வழியில் வைத்தாலும், ஒரே அலையில் கேட்டு அதிலேயே பேசுவதால் வேகம் பாதியாய்க் குறையும் என்றாள் மகள். முடிவில், கம்பியில்லாப் பெட்டிக்குக் கம்பிதான் கைகொடுத்தது. முன் பெட்டியிலிருந்து கூரையோரமாய் ஒரு வயர் இழுத்து, உம்மாவின் அறை வாசலுக்கு மேலே இரண்டாவது பெட்டியொன்றைப் பூட்டினோம். வாப்பா தென்னையில் ஏறியதுபோல் நான் ஏணியில் ஏறினேன். ஏணியைப் பிடித்தவள் மகள். கட்டிலருகே மறை 50.

அந்த வெள்ளிக்கிழமை தம்பியின் முகம் உறையவில்லை. உம்மா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பின்னர், "என்ட மகனுக்குத் தலை முழுக்க நரைச்சிட்டே!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அத்தனை காலமும் மங்கலில் அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வெள்ளி அவன் தொப்பி அணிந்து வந்தான். அதைக் கழற்றச் சொல்லி உம்மா அவனோடு அரைமணி நேரம் வாதாடினார்.