பழைய காருக்கு மின்விசிறி

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் வீதி நெரிசலில் நின்று நின்று ஊரும்போது, றேடியேற்றரில் நீர் கொதிப்பது இலங்கையில் பலரும் கண்டதே. கார் விரைந்து ஓடுங்கால் எதிர்க்காற்றே நீரைக் குளிர்விக்கும். நிற்கும்போதோ எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறியும் மெதுவாகிவிடும். ஆதலின் மின்விசிறி பூட்ட விரும்புவோர் பலர். கடையில் அவர்கள் முதலில் வினவுவது விசிறியின் அகலத்தை. எண்ணிப்பார்க்க வேண்டியதோ தம் காரின் டைனமோ எவ்வளவு மின்னைத் தரும் என்பதை.

லூக்காஸ் சீ 40 வகை டைனமோ மிகுதியாகத் தருவது 22 அம்பியர் அளவே. முன்விளக்குகள் ஏறக்குறைய 8 அம்பியரைக் கொள்ளும்; விசிறி ஒன்று அதே அளவோ அதற்கு மேலோ கொள்ளக்கூடும். இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ ஏறத்தாழ ஒன்றுமே தராது. விசிறி வேண்டப்படும் வேளையும் அதுவேயன்றோ! அப்பொழுது சுமை முழுவதும் பற்றறியின்மேல் விழும். மழையிரவில் நெரிசலில் அகப்பட்டவர் பின்னர் காரைத் தள்ளவே நேரும். எனவே குறைந்த மின்னோட்டம் கொள்ளும் விசிறியையே தெரிதல் வேண்டும். பெரியதே வேண்டுவோர் டைனமோவை நீக்கி ஓல்ற்றனேற்றர் பூட்டுவதே முறை.

பெரும்பாலான மொறிஸ் மைனர்களில் பற்றறியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். கறுப்புக் கம்பியை வழக்கம்போல் உடலோடு இணைத்தால், விசிறி எதிர்த்திசையிற் சுழலும். இடமிருப்பின் றேடியேற்றருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் விசிறியே சிறந்தது. முன்னால் நிற்பது எதிர்க்காற்றைச் சிறிது மறைக்கும். தனி உருகியும், வெப்பம் ஏறியதும் தானே இயக்கும் ஆளியும் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்காக ஊற்றிய றேடியேற்றராயின், சுண்ணாம்பு படிந்து அதன் குழாய்கள் அடைபட்டிருக்கும். அவற்றைத் துப்புரவாக்கிய பின்னரே விசிறியைப் பற்றி எண்ணலாம்.